மூன்றாந்தரம் கேட்பவர்

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஊருக்குக் கடிதம் எழுதுவேன், செபப் புத்தகம் வாசிப்பேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குள் போய்விடுவேன். பெயர்கள் மறந்து போகின்றன, முகங்கள் மட்டும் நிற்கின்றன. நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்து கதைக்க எனக்கு இந்த வயதிலும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது துளசி. எங்கள் பகுதிக்குப் புதிதாகத் தெரிவான கவுன்சிலர், இங்கே லண்டனிலேயே பிறந்த பிள்ளை. அவளுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் மிஸ்டர் மலிகன். அயர்லாந்துக்காரர். தலை நரைக்க முன்னம் கவுன்சிலுக்குள் போனவர், கையில் ஊன்றுதடி வந்த பிறகுதான் விட்டார். நடுவில் ஒரு வருடம் மேயராகவும் இருந்தார். நான் அதே டவுன் ஹாலில் தேத்தண்ணி வண்டில் தள்ளி, பிறகு மேயரின் அறையைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவள்.

"அன்ரி, அவருக்கு ஒரு பிரியாவிடை மலர் போடுறம். தமிழிலயும் கொஞ்சம் வரவேணும். உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதித் தாறீங்களா?" என்று துளசி போனில் கேட்டாள்.

"எனக்கென்ன பிள்ளை தெரியும், படிச்ச ஆக்களைக் கேள்" என்றேன்.

"ஓகே அன்ரி, நோ பிராப்ளம்" என்று அவள் வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். என் மகளுக்குச் சிரிப்பு. "என்னம்மா, திரும்பக் கேப்பாள் எண்டு பாத்தனீங்களோ?" என்று சொல்லி, அவளே துளசிக்குப் போன் எடுத்து, அம்மா எழுதுவா என்று சொன்னாள்.

பிறகு துளசி பேனையும் தாளும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். அப்போதுதான் மற்ற விஷயத்தைச் சொன்னாள். மலிகனுக்கு இந்த ஊரின் மிகப் பெரிய மரியாதையைக் கொடுக்கலாம் என்று கவுன்சிலில் பேசியிருக்கிறார்கள். அதைக் கொடுத்தால் டவுன் ஹால் படிக்கட்டுக்கு மேலே இருக்கிற மரப்பலகையில் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதுவார்கள். எத்தனையோ பிரபுக்கள், சேனாதிபதிகள் பெயர் இருக்கிற பலகை அது. நான் வருடக்கணக்காகத் தூசு தட்டிய பலகை. ஒரு கூலித் தொழிலாளியின் பெயர்கூட அதில் இல்லை.

"பட் அவர் வேண்டாம் எண்டிட்டார், அன்ரி."

"என்னெண்டு சொன்னவர்?"

"எனக்கெதுக்கு, உருப்படியா ஏதாவது செய்த ஆளாப் பாத்துக் குடுங்கோ எண்டு. அடுத்த கூட்டத்துக்கு முன்னம் பேர் குடுக்க வேணும். சோ, வேற ஆளைப் பாக்கிறம்."

"எத்தினை தரம் கேட்டனீங்கள்?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "ஒருக்காத்தான். நோ எண்டா நோதானே அன்ரி. அதை மதிக்க வேணும்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்த மனிதரிடம் ஒருதரம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று விளங்கப்படுத்த அந்த நேரம் வாய் வரவில்லை. அவள் போன பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

நான் லண்டனுக்கு வந்தது பெரிய கதை இல்லை. என் கணவர் முதலில் வந்தார், பிறகு நானும் பிள்ளைகளும். கொஞ்சக் காலம் ஆஸ்பத்திரியில் துடைப்பு வேலை, கொஞ்சக் காலம் பள்ளிக்கூடச் சமையலறை, அதற்குப் பிறகு டவுன் ஹால். அங்கே எனக்கு மேலதிகாரி ஷீலா. லண்டனிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரி, பெரிய தோடு போடுவார், பெரிய குரல். தேத்தண்ணி கொடுப்பதை அவரிடம்தான் படித்தேன். முதலில் சுடுதண்ணீர் ஊற்றிக் கேத்தலைச் சூடாக்க வேண்டும். பால் ஊற்றுகிற கூசாவின் பிடி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். கூட்டத்தின் தலைவருக்கு முதலில், பிறகு இடப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். யாராவது எழுந்து பேசினால் வண்டிலை அசைக்கக் கூடாது, கரண்டி சத்தம் கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: ஒருதரம் கேள். ஓம் என்றால் ஊற்று. இல்லை என்றால் தள்ளு.

அந்தச் சட்டம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் கிழமையே ஒரு கவுன்சிலர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பாவம், கூச்சப்படுகிறார் என்று நினைத்து, ஊற்றி, சீனியும் போட்டுக் கலக்கி முன்னால் வைத்துவிட்டேன். மனிதருக்குச் சீனி வருத்தமாம், இனிப்பே தொடக் கூடாதாம்.

ஷீலா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். இங்கே எல்லாரும் இங்கிலீசில் கதைத்ததை நான் என்னுடைய தமிழில்தான் எழுதுகிறேன்.

"ரீற்றா, கண்ணம்மா, அந்தாள் வேண்டாம் எண்டவர்."

"ஓம். முதல்தரம்தானே சொன்னவர்."

"எத்தினை தரம் சொல்ல வேணும்? எழுதித் தர வேணுமோ?"

பதில் சொல்ல என்னிடம் அவ்வளவு இங்கிலீஷ் இருக்கவில்லை. அன்றிலிருந்து சட்டப்படி நடந்தேன்.

மலிகனை நான் கண்டது அதற்குப் பிறகு. பெரிய உடம்பு, சிவந்த காது, மண்வெட்டி பிடித்துப் பழகிய கை. வீடுகள் சம்பந்தமான கூட்டத்தில் கடைசிக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டேன். வேண்டாம், வேண்டாம் என்றார். தள்ளிக்கொண்டு போனேன். கதவடியில் திரும்பிப் பார்த்தால், பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் பார்க்கிற மாதிரி என் வண்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கூட்டத்திலும் அதே வேண்டாம், அதே பார்வை.

அதற்கு அடுத்த கூட்டத்தன்று ஷீலா லீவு. நான் கதவடி வரை போய், மனம் கேட்காமல் திரும்பி வந்து இன்னொருதரம் கேட்டேன்.

"சீச்சீ, உனக்கேன் கரைச்சல்" என்றார்.

தன்னால் மற்றவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்கிற அந்த வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தை. எங்கள் சனம் சொல்கிற அதே வார்த்தை, அதே முகம். அப்படியே நின்று மூன்றாந்தரம் கேட்டேன்.

"சரி, போட்டுக் கிடக்குதெண்டால் ஒரு கோப்பை தாவன்."

ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்றும் குடித்தார். கூட்டம் முடிந்ததும் குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

"நீ எந்த ஊர்?"

"மன்னார். ஸ்ரீலங்கா, சேர்."

"அங்கயும் மூண்டுதரமோ?"

"ஓம் சேர்."

"எங்கட பக்கமும் மூண்டுதான். உடன ஓம் எண்டால் காணாததைக் கண்டவன் எண்டு சொல்லுவினம். இந்த நாட்டுக்கு வந்த நாளையிலயிருந்து நான் எத்தினை தேத்தண்ணியை இழந்திருப்பன் தெரியுமோ?"

மறுநாள் ஷீலாவுக்கு இதைச் சொன்னேன். "உங்கள் ரெண்டு பேருக்கும் விசர்" என்று தலையைத் தட்டிக் காட்டினார். ஆனால் அதற்குப் பிறகு மலிகனின் கதிரையடியில் நான் மினைக்கெட்டு நின்றால் கண்டும் காணாத மாதிரி விட்டுவிடுவார்.

அவருடைய கதையை அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான். இளம் வயதில் ஒரு பையோடு கப்பலில் வந்து, றோட்டுக் கிண்டி, கல்லுச் சுமந்திருக்கிறார். டவுன் ஹாலுக்குள் முதன்முதல் வந்தது கூரை திருத்துகிற கூலியாளாக, பின்வாசலால். பிறகு தொழிற்சங்கம், பிறகு கட்சி. முதல் இரண்டு தேர்தலிலும் தோல்வி. தோற்றாலும் வீடு வீடாகப் போவதை விடவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும் என்று கண்டு, நாடா கட்டுகிற சப்பாத்தையே விட்டுவிட்டு, காலை நுழைக்கிற சப்பாத்து வாங்கினார். மலிகன் என்று சொல்ல வராத எங்கள் பெண்கள் அவரை மல்லி ஐயா என்றார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

சனிக்கிழமை காலையில், எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் அவர் சனங்களைச் சந்திப்பார். எல்லாக் கவுன்சிலர்களும் செய்கிறதுதான். மற்றவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். மலிகன் மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, கதிரைகளை வட்டமாகப் போடுவார். நானும் அவருடைய மனைவி நோராவும் தேத்தண்ணி கொடுப்போம். காத்திருக்கிற சனம் ஒன்றுக்கொன்று கதைக்கத் தொடங்கும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஒருவருக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது என்று இன்னொருவர் சொல்லிவிடுவார்.

மிச்சப் பேரிடம் அவர் கேட்கிற முறை ஒன்று இருந்தது. ஒரே கேள்வியை மூன்றுதரம் கேட்பார். அவசரமில்லாமல், நடுவில் மழையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்ப வந்து கேட்பார். ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் பதில் தாய் பழக்கினது, ரீற்றா. ரெண்டாவது, அயலுக்குப் பயந்து சொல்றது. மூண்டாவதுதான் அவையின்ர சொந்தப் பதில்."

"மூண்டாந்தரமும் வேண்டாம் எண்டால்?"

"அப்ப அது உண்மையான வேண்டாம். நாலாந்தரம் கேக்கிறவன் கரைச்சல் பிடிச்சவன்."

ரஞ்சினி வந்தது அப்படி ஒரு சனிக்கிழமை. அவள் எங்கள் சமயம் இல்லை, யாரோ சொல்லி வந்திருந்தாள். யாழ்ப்பாணப் பிள்ளை. கணவர் ஊரில் சண்டைக் காலத்தில் காணாமல் போனவர். ஒரு மகள், ஒரு மகன். முதலில் டூட்டிங்கில் சொந்தக்காரர் வீட்டில் முன்னறையில் படுத்து எழும்பியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இடம் போதாமல் போக, கவுன்சில் ஒரு ஹோஸ்டலில் ஒற்றை அறை கொடுத்திருந்தது. குசினி பொது, குளியலறை பொது. வீடு வரும், வரும் என்று காத்திருந்தவளுக்கு வந்தது ஒரு கடிதம். உனக்கு ஒரு பிளாட் தர வந்தோம், நீ மறுத்துவிட்டாய், ஆகையால் எங்கள் பொறுப்பு முடிந்தது, அறையையும் விட்டுவிடு என்று.

"நான் எங்க அன்ரி மறுத்தனான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "வந்த தம்பியோட மரியாதையாத்தானே கதைச்சனான்."

ஆளின் இடத்தைப் பார்க்காமல் மலிகன் எந்த வழக்கிலும் வாய் திறக்க மாட்டார். பாஷைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஹோஸ்டலுக்குப் போனார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் இருந்தார், கதிரை இல்லை. கதவுக்குப் பக்கத்தில் பெட்டிகளும் பைகளும் கட்டி அடுக்கியபடி இருந்தன. ரஞ்சினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மலிகன் இரண்டுதரம் வேண்டாம் என்று சொல்லி, வாங்கிக் குடித்தார். அவளுக்கு அப்போதுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வந்த அதிகாரி சைமன் என்று ஒரு இளம் பொடியன். மூன்றாம் மாடியில் இரண்டு அறை பிளாட் ஒன்று இருக்கிறது, இன்னொரு குடும்பமும் அதற்குக் காத்திருக்கிறது, உனக்கு விருப்பமா என்று கேட்டிருக்கிறான்.

"நீ என்ன சொன்னனி?" என்று மலிகன் கேட்கச் சொன்னார்.

"அவையளுக்கும் பிள்ளையள் இருக்குமே, அவையளுக்குக் குடுங்கோ, எங்களுக்குப் பரவாயில்லை எண்டு சொன்னனான்."

"ஏன் பிள்ளை?" என்று நானே பதறிக் கேட்டுவிட்டேன்.

"கேட்ட உடன ஓம் எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது, அன்ரி. மற்ற ஆக்களின்ர கையில இருந்து பறிக்கிற மாதிரி. திரும்பக் கேப்பார்தானே எண்டு நினைச்சன். தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்திட்டுப் பாத்துக்கொண்டே இருந்தனான். அவர் குடிச்சிட்டு, தாங்ஸ் எண்டு கை தந்திட்டுப் போட்டார்."

நான் இதை இங்கிலீசில் சொன்னபோது மலிகன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"உனக்கு ஒரு வீடு வேணுமோ?"

"பரவாயில்லை ஐயா. இதுக்குள்ள சமாளிக்கலாம்."

அவர் மகளின் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்தார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். திரும்பக் கேட்டார்.

"ஐயாவுக்கு வீண் கரைச்சல்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மூன்றாந்தரம் கேட்டார். ரஞ்சினிக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஓம் ஐயா. வேணும். ரெண்டு பிள்ளையளும் ஒரு மேசையில இருந்து படிக்க வேணும். வேறொண்டும் வேண்டாம்."

வெளியே வந்ததும் மலிகன் சொன்னார்: "ரீற்றா, கவுன்சிலர் எண்டாலும் எனக்கு அந்தத் தீர்ப்பை மாத்த அதிகாரமில்லை. திரும்பப் பாருங்கோ எண்டு கேக்கலாம், பக்கத்தில இருந்து கதைக்கலாம், அவ்வளவுதான். அந்தக் கடிதம் நிண்டால் இந்தப் பிள்ளை ரெண்டு குஞ்சுகளோட றோட்டில."

குறித்த தவணைக்குள் விண்ணப்பம் போட்டார். ஒரு சின்ன அறையில் கூட்டினார்கள். தீர்ப்பைத் திரும்பப் பார்க்கிற அதிகாரி நரைத்த தலைப் பெண்மணி, கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பக்கத்தில் சைமன். மொழிபெயர்ப்புக்கு மேசை நடுவே ஒரு போன், அதற்குள்ளிருந்து ஒரு இந்தியத் தமிழ்ப் பெண்ணின் குரல். ரஞ்சினிக்குத் துணையாக நான் சுவரோரம் இருந்தேன்.

மலிகன் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. சைமனைப் பார்த்து மெதுவாகத் தொடங்கினார்.

"தம்பி, உன்னில பிழை பிடிக்க நான் வரேல்லை. ஒரு விஷயம் கேக்கிறன். அவ உனக்குத் தேத்தண்ணி தந்தவவோ?"

"தந்தவ."

"நீ கேட்டனியோ?"

"இல்லை. வேண்டாம் எண்டுதான் சொன்னனான். ரெண்டுதரம் சொன்னனான்."

"பிறகு?"

"கொண்டுவந்திட்டா."

"குடிச்சனியோ?"

சைமனின் முகம் சிவந்தது. "குடிச்சனான். நல்லா இருந்தது. இஞ்சி போட்டது."

"எந்தக் கோப்பையில குடிச்சனி?"

அந்தக் கேள்வி யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. சைமன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அவ ஒரு பெட்டியைத் திறந்து எடுத்தவ. பேப்பர் சுத்திக் கிடந்தது. அதை உரிச்சுக் கழுவித்தான்..." அதோடு நிறுத்திவிட்டான். பிறகு தன் அதிகாரியின் பக்கம் திரும்பி, தானாகவே சொன்னான்: "எல்லாம் கட்டி இருந்தது, மேடம். பானை சட்டி எல்லாம் கட்டி, கதவடியில வைச்சிருந்தவ. வீடு மாற ஆயத்தமா இருந்தவ. நான் அப்ப அதை யோசிக்கேல்லை."

நல்ல பொடியன். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

"ஒரு அறையில ரெண்டு பேர்" என்றார் மலிகன். "நீ வேண்டாம் எண்டாய், அவ கேக்காமல் ஊத்திப்போட்டா. அவ வேண்டாம் எண்டா, நீ அதை எழுதிக்கொண்டு போட்டாய். ரெண்டு பேரும் அவரவர் வீட்டில பழக்கின மரியாதைப்படிதான் நடந்தனீங்கள். வேண்டாத தேத்தண்ணியால உனக்கொண்டும் இல்லை. அவவுக்கு வீடு போச்சு."

நரைத்த தலை அம்மா தாள்களைத் தன் பக்கம் இழுத்தார். பேனையை எடுத்துக்கொண்டு, ரஞ்சினியை நேராகப் பார்த்துக் கேட்டார். போன் அதைத் தமிழில் சொன்னது: "உங்களுக்கு வீடு வேணுமான்னு கேக்கிறாங்க."

இந்த நாட்டில் ஒருதரம்தான் கேட்பார்கள். இந்தப் பிள்ளை வாய் தவறிப் பழைய பதிலைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. இடித்துச் சொல்ல எனக்கு எட்டாத தூரம். மலிகனும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் அவர் சொல்லிக்கொடுத்தது என்று ஆகிவிடும்.

ரஞ்சினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"உங்களுக்குக் கரைச்சல் எண்டால்... வேண்டாம்."

போன் அதையும் சொன்னது. நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

அந்த அம்மா எழுதவில்லை. பேனையை மூடி மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாந்தரம் கேட்டார். ரஞ்சினி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரஞ்சினி திரும்பவும் சேலைத் தலைப்பைச் சுற்றினாள். அப்போது அந்த இங்கிலீஷ்கார அம்மா கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, குரலைத் தணித்து, மூன்றாந்தரமும் கேட்டார்.

"ஓம்" என்றாள் ரஞ்சினி. "வேணும்."

வெளியே வந்ததும் மலிகன் சுவரில் சாய்ந்து நின்று பெரிய கைலேஞ்சி ஒன்றால் மூக்கைச் சீறினார். "பாத்தனியோ ரீற்றா, பழக்கினால் அவையளும் பழகுவினம்."

முடிவு பிறகு தபாலில் வந்தது. அவள் மறுத்ததாக எடுத்தது செல்லாது, வீட்டுக்கான வரிசையில் அவளுடைய இடம் அப்படியே இருக்கிறது என்று. அந்த மூன்றாம் மாடி பிளாட் அதற்குள் மற்றக் குடும்பத்துக்குப் போய்விட்டது. அதைக் கேட்டு, "பரவாயில்லை, அவையளும் பிள்ளைகுட்டிக்காரர்தானே" என்றாள் ரஞ்சினி. அந்தப் பரவாயில்லை உண்மையான பரவாயில்லை. அடுத்த வசந்த காலத்தில் இன்னொரு பிளாட் வந்தது. அதைச் சொல்ல வந்ததும் சைமன்தான். அவன் சொல்லி முடிக்க முன்னம் ஓம் என்றிருக்கிறாள். அவன் விடாமல் இன்னும் இரண்டுதரம் கேட்டானாம். "ஓம் எண்டு சொல்லிட்டன்தானே தம்பி, எத்தினை தரம் சொல்றது?" என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டதாம். லிப்ட் அடிக்கடி பழுதாகிற கட்டிடம். ஆனால் மேசை போட இடம் இருந்தது.

மலிகன் மேயரான கதையையும் சொல்ல வேண்டும். இங்கே மேயரைக் கவுன்சிலர்கள்தான் தங்களுக்குள் தெரிவு செய்வார்கள். இந்த முறை நீதான் என்று கட்சியின் தலைவர் அவரிடம் கேட்க, வேற நல்ல ஆளைப் பாருங்கோ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கதிரையில் இருந்திருக்கிறார். நோராவுக்கு விளங்கிவிட்டது. அவருக்குத் தெரியாமல் தலைவருக்குப் போன் எடுத்து, "இன்னும் ரெண்டுதரம் கேளுங்கோ, அதுக்கு மேல கேக்க வேண்டாம்" என்று சொன்னாராம். இதை நோரா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருடம் மேயரின் அறை என் பொறுப்பு. விழாவுக்கு முன் சிவப்பு அங்கியைப் போட்டுவிட்டு, பொன்சங்கிலியைத் தோளில் சரியாக விழும்படி கொளுவி மாட்டுவது நான். "என்னை உழவுக்கு விடப்போறியோ?" என்பார். இந்த நாட்டுப் பிரசையாகிறவர்களுக்கு டவுன் ஹாலில் நடக்கிற வைபவத்தில், சத்தியம் எடுத்து முடிந்ததும் மேயர் கைகொடுத்து வரவேற்பார். மலிகன் மட்டும் இன்றுவரை அயர்லாந்துக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறார். அயர்லாந்துக்காரர் அதோடேயே இங்கே வாக்குப் போடலாம், தேர்தலில் நிற்கலாம்.

"ஊர் முழுக்கக் கைகுடுத்து உள்ள எடுக்கிறீர், நீர் எப்ப பிரசாவுரிமை எடுக்கப் போறீர்?" என்று ஷீலா பகிடி பண்ணுவார்.

"என்னை இன்னும் ஒருத்தரும் மூண்டுதரம் கேக்கேல்லை" என்பார் அவர்.

அப்படி ஒரு வைபவத்தில் ரஞ்சினியும் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். அவர் கைகொடுக்க முன்னமே அவள் கைப்பையிலிருந்து ஒரு பெட்டி வடையை எடுத்து நீட்டிவிட்டாள். சங்கிலியும் அங்கியுமாக நின்ற மேயர் வேண்டாம், வேண்டாம் என்றார். வரிசை முழுக்கக் காத்து நின்றது. அவள் கணக்காக மூன்றுதரம் கேட்டாள்.

நோரா இப்போது இல்லை. நான் துளசிக்குச் சொல்ல வராமல் இருந்தது இதுதான். அவர் வேண்டாம் என்று சொல்கிற இடமெல்லாம், அவருக்குத் தெரியாமல் போன் எடுத்து, இன்னும் கேளுங்கோ என்று சொல்ல ஒரு ஆள் இருந்தது. இப்போது அந்த வீட்டில் அதற்கு ஆள் இல்லை. அவர் வேண்டாம் என்றால் அது வேண்டாமாகவே போய்விடும்.

போன ஞாயிறு பூசை முடிந்து பஸ் தரிப்பில் அவரோடு நின்றேன். துணிந்து கேட்டுவிட்டேன். "அந்தப் பலகையில பேர் எழுதக் கேட்டவையாமே. ஓம் எண்டு சொல்லுங்கோவன்."

"எனக்கேன் ரீற்றா அந்தக் கரைச்சல்" என்றார். அதைச் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸைப் பார்க்காமல், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தேத்தண்ணி வண்டில் கதவடிக்குப் போகும்போது பார்த்த பார்வை.

மூன்றாந்தரம் நான் கேட்டுப் பிரயோசனம் இல்லை. கொடுக்கிற இடத்திலிருந்து வர வேண்டும்.

துளசி, நான் எழுதியதில் பிழை இருக்கும். அவர் தோற்றது இரண்டு தேர்தலா மூன்றா என்று எனக்கு நிச்சயமில்லை. ரஞ்சினிக்கு வீடு கிடைத்தது வசந்த காலமா, அதற்குப் பிறகா என்பதும் சரியாக நினைவில்லை. அச்சடிக்க முன்னம் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். அவரைத் தவிர வேறு யாருக்கும் இது முழுக்கத் தெரியாது. போனில் கேட்காதே, வீட்டுக்குப் போ. காலில் சப்பாத்தோடு உள்ளே போனாலும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் கழற்றினால் சந்தோஷப்படுவார். தேத்தண்ணி வேணுமோ என்பார். இரண்டுதரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடி. விபரமெல்லாம் சரிபார்த்து முடிந்த பிறகு, கோப்பையைக் கீழே வைக்க முன்னம், மற்றதையும் கேள். இந்தப் பகுதியை மலரில் போட்டாலும் பாதகமில்லை, அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடு பிள்ளை. அது அவருடைய சொந்தப் பதில். ஆனால் நீங்கள் ஒருதரம் கேட்டீர்கள், நான் ஒருதரம் கேட்டேன். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.